தூக்கிப் பிடித்த பாட்டில்

கழிப்பறை வாசலில் நாலு விரல் உயரத்துக்கு ஒரு படியைக் கட்டிவைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. அவர் தயவில்தான் சுடலைமணி, மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி நடையில், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவனைப் போல, குளுக்கோஸ் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான். பாட்டில் மாட்டும் ஸ்டாண்டுக்குச் சக்கரம் உண்டு, ஆனால் அது அந்தப் படியில் ஏறாது. உள்ளே சுவரில் இருந்த கொக்கியை யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதனால் பாட்டில் வெளியே, பிள்ளை உள்ளே, நடுவில் குழாய் மட்டும் கதவிடுக்கு வழியாகப் போகிறது. தாழ் போட்டால் குழாய் நசுங்கும் என்பதால் மகள் சுபிக்ஷா ஊசி போடாத கையால் கதவை உள்ளிருந்து பிடித்துக்கொள்வாள். ஐந்து நாளாக இதுதான் ஏற்பாடு. மணி பதினொன்று ஐந்து. பதினொன்றரைக்கு டாக்டர் கலாவதி ஆபரேஷன் தியேட்டருக்குள் போய்விடுவார். அதற்குள் சட்டைப் பையில் நாலாக மடித்து வைத்திருக்கிற தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், நாளைக் காலையில் முதல் கேஸாகப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் பெருங்குடலை எடுத்துவிடுவார்கள், கடைசியில் ஒரு துண்டு மட்டும் இப்போதைக்கு உள்ளே இருக்கும். கொடுக்காவிட்டால் இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம், மூன்று நாள்கூடப் பார்க்கலாம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே குடல் வீங்கி வெடித்துவிட்டால், அப்போது எடுப்பது இப்போது எடுப்பதைப் போல இருக்காது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நயமாகத்தான் சொன்னார். கொஞ்சம் மிரட்டுகிற டாக்டராக இருந்திருந்தால் அந்தக் கோபத்திலாவது சரியென்றோ முடியாதென்றோ சொல்லித் தொலைத்திருக்கலாம். நயமாகப் பேசுகிறவர்களிடம் கோபப்படவும் முடிவதில்லை, தப்பிக்கவும் முடிவதில்லை. அவன் பாட்டிலை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினான்.

பெருங்குடல் என்றால் எவ்வளவு நீளம் இருக்கும் என்பதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி. இந்த வயதில் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் என்றார் டாக்டரம்மா. கோவில்பட்டியில் மூன்று பள்ளிக்கூடங்களுக்கு யூனிஃபார்ம் தைத்துக் கொடுக்கிறவனுக்கு எதையும் மீட்டரில் போட்டுப் பார்க்காவிட்டால் புத்தியில் ஏறாது. ஒரு மீட்டர் இருபது என்றால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு பாவாடை வரும் என்று அந்த இடத்திலேயே மனம் வெட்டிப் பார்த்துவிட்டது. சீ, என்ன புத்தி இது என்று அதட்டியும் அது கேட்கவில்லை, அடுத்ததாக எந்த நூலில் தைப்பீர்கள் என்று வாய் கேட்டுவிட்டது. டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். இருபது வருஷத்தில் எத்தனையோ அப்பாக்கள் எவ்வளவு செலவாகும், எத்தனை நாள் இருக்கணும், தழும்பு தெரியுமா என்று கேட்டிருக்கிறார்களாம், நூலைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லையாம். சில இடத்தில் தானே கரைந்துபோகிற நூல், நீளமாக வெட்டிச் சேர்க்கிற இடத்தில் மிஷின், அது இரண்டு பக்கமும் பொடிப்பொடிப் பின்னாக அடித்துக்கொண்டே நடுவில் வெட்டிக்கொண்டும் போகும் என்று சொன்னார். ஓவர்லாக் மாதிரியா என்று கேட்டான். அப்படியென்றால் என்னவென்று இப்போது அவர் கேட்டார். தைத்துக்கொண்டே ஓரத்தை வெட்டுகிற மிஷின், பிசிறு வராது என்று விளக்கினான். அதேதான் என்று அவர் சிரித்தார், ஒரு மருந்துப் பெட்டி அட்டையின் பின்பக்கத்தில் படம் வரைந்தும் காட்டினார். இப்போது பெருங்குடலை எடுத்துவிட்டுச் சிறுகுடலின் முனையை வயிற்றில் ஒரு சின்ன வாய் வைத்து வெளியே கொண்டுவருவார்கள், அதன் மேல் ஒரு பை ஒட்டிக்கொள்ள வேண்டும். சில மாதம் கழித்துப் பிள்ளை தேறிய பிறகு, சிறுகுடலின் கடைசிப் பகுதியை மடித்து, மடிப்பின் நடுச்சுவரைப் பிரித்து, ஒரு பாக்கெட் மாதிரி தைத்து உள்ளேயே வைப்பார்கள். அது ஆறியதும் மூன்றாவது தடவையாக வெளியே இருக்கிற வாயை மூடுவார்கள். பாக்கெட் என்ற சொல்லைக் கேட்டதும் சுடலைமணிக்குக் கண் முன்னால் துணி மடிந்தது, எந்த ஓரத்தை எந்த ஓரத்தோடு சேர்க்கிறார்கள் என்று பளிச்சென்று தெரிந்தது. பக்கத்தில் இருந்த மனைவி தங்கபுஷ்பத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை, அவள் படத்தையே பார்க்கவில்லை. ஏன் ஒரே தடவையில் முடிக்கக்கூடாது என்று அவன் கேட்டதற்கு, இவ்வளவு நாள் ஊசி மருந்து ஏறிய உடம்பில் சதை நைந்திருக்கும் என்று பதில் வந்தது. அதற்கு மேல் விளக்கமே தேவைப்படவில்லை. நைந்த துணியில் தையல் போட்டால் தையல் நிற்கும், துணிதான் கிழியும். அது அவனுக்குத் தெரியாதா என்ன. ஆனால் எல்லாம் புரிந்தும் கையெழுத்துப் போட வரவில்லை என்பதுதான் வேடிக்கை. புரிந்துகொண்டுவிட்டால் பயம் பாதி போய்விடும் என்று நினைத்திருந்தான், இங்கே புரியப்புரிய பயமும் கூடவே விவரமாக வளர்ந்தது.

அந்த வாய் எப்படி இருக்கும் என்று நேற்று நர்ஸ் பிரிசில்லாவிடம் கேட்டான். பை வைக்கிறவர்களைப் பார்த்துக்கொள்வதற்கென்றே இருக்கிற நர்ஸ் அவர். உதட்டை மடக்கிப் பாருங்கள், உள்பக்கம் சிவப்பாக, ஈரமாக இருக்கிறதல்லவா, அதே மாதிரி இருக்கும், தொட்டால் வலிக்காது என்றார். அதிலிருந்து அவன் நாக்கு கீழ் உதட்டின் உள்பக்கத்தை விட்டு அகலவில்லை. இப்போதும், பாட்டிலில் சொட்டு இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, நாக்கால் தடவிக்கொண்டிருந்தான். வழுவழுவென்று இருந்தது. வலிக்காத சதை என்று ஒன்று உடம்பில் இருப்பதே அவனுக்குப் புதுச் செய்தி. வெளியே வந்தால் வலிக்காதது உள்ளே இருக்கும்போது மட்டும் ஏன் இந்தப் பாடு படுத்துகிறது, அதையும் கேட்டிருக்கலாம். பிரிசில்லா சுபிக்ஷாவை உட்காரச் சொல்லி, எழுந்து நிற்கச் சொல்லி, குனியச் சொல்லி, பாவாடையை எந்த இடத்தில் கட்டுவாய் என்று கேட்டுக் கேட்டு வயிற்றில் இடம் பார்த்தார். பட்டி அழுத்துகிற இடத்தில் பை வரக்கூடாதாம். சுடலைமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெட்கத்தால் அல்ல. பாவாடைப் பட்டி என்ற பேச்சு வந்தாலே அவனுக்கு அந்த ஊக்குகள் ஞாபகத்துக்கு வந்துவிடும். அவன் கடையில் ஒரு பழக்கம்: சொந்தப் பிள்ளைக்கு டேப் பிடிக்கமாட்டான். டேப் பிடித்தால் வளர்த்தி நின்றுவிடும் என்று யாரோ என்றைக்கோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, சுபிக்ஷா பிறந்ததிலிருந்து போன வருஷத்துப் பாவாடையை அளவுக்கு வைத்து, இடுப்பில் ஒரு இஞ்சும் உயரத்தில் இரண்டு இஞ்சும் கூட்டி வெட்டிவிடுவான். ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் மூன்று தடவை டேப் பிடித்து நோட்டில் எழுதுகிறவன், வீட்டுப் பிள்ளைக்குக் கண்ணளவு. ஜூன் மாதமும் அப்படித்தான் ஒரு இஞ்சு கூட்டினான். முகம் வேறு உருண்டையாக இருந்தது, மாத்திரையால் வந்த உருண்டை என்று டாக்டர் சொல்லியும், பிள்ளை தேறிவிட்டது என்று அவன் கண் சொன்னதையே நம்பினான். இங்கே சேர்க்கிற அன்று நர்ஸ் பாவாடையைக் கழற்றும்போதுதான் இடுப்பில் உள்பக்கமாகக் குத்தியிருந்த நாலு ஊக்குகளைப் பார்த்தான். பக்கத்துக்கு இரண்டாக, வெளியே தெரியாதபடி, பட்டியை மடித்து நேர்த்தியாகக் குத்தியிருந்தாள். தையல்காரன் மகள் ஐந்து மாதமாகப் பாவாடையை ஊக்குக் குத்திக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். பட்டியைப் பிரித்து இறுக்கித் தைக்க அவனுக்குப் பத்து நிமிஷம் போதும்.

சட்டைப் பையில் செல்போன் அதிர்ந்தது. தங்கபுஷ்பமாகத்தான் இருக்கும். மாற்றுத் துணி எடுத்துவர நேற்று ஊருக்குப் போனவள், திரும்பி வருகிற வழியில் இந்நேரம் திருமங்கலம் தாண்டியிருப்பாள். ஒரு கையில் பாட்டில், இன்னொரு கையைப் பைக்குள் விட்டால் தாள்தான் முதலில் வரும், அதனால் விட்டுவிட்டான். எடுத்தாலும் அவள் கேட்கப்போவது ஒன்றுதான். போட்டாச்சா. போடு என்றோ போடாதே என்றோ அவள் சொல்லவில்லை. நீங்க பாத்து என்ன முடிவு பண்ணினாலும் சரி, பின்னால ஒரு வார்த்தை கேக்கமாட்டேன் என்றுதான் சொன்னாள். அந்தக் கடைசிப் பாதிதான் அவனைப் போட்டு அரித்தது. பின்னால் கேட்பேன் என்றிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும், சண்டைக்கு ஓர் ஆள் இருந்திருக்கும். மச்சான் இருக்கிறான், அவன் கேட்பான், இப்போதே கேட்டுவிட்டான்: பொம்பளப் பிள்ள வயித்துல பையைக் கட்டிவிட்டா நாளைக்கு எவன் கட்டுவான் என்று. சுடலைமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளை நாளைக்கு இருப்பாளா என்று டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார், இவன் நாளை மறுநாளுக்கு மாப்பிள்ளை தேடுகிறான். ஆனால் ஆள் போன பிறகு அதே கேள்வி தன் தலைக்குள்ளும் ஒரு ஓரமாக உட்கார்ந்திருப்பதைச் சுடலைமணி பார்த்தான். எழுந்து போ என்றான். போகவில்லை, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது. அதைவிடப் பெரிய ஆள் ஒருவர் பக்கத்தில் இருந்தார், அவருக்கு நம்பிக்கை என்று பெயர். கட்டில் காலடியில் ஒரு தாள் தொங்குகிறது, பிள்ளை ஒவ்வொரு தடவை கழிப்பறை போய்வந்ததும் துணைக்கு இருப்பவர்கள் அதில் ஒரு கோடு போட வேண்டும். முதல் நாள் பதினாலு. பெரிய ஊசி இரண்டு தடவை ஏற்றியாகிவிட்டது. முந்தாநாள் பத்து, நேற்று எட்டு, அதில் இந்நேரத்துக்கே ஆறு, இன்று விடிந்ததிலிருந்து இதோடு சேர்த்து ஐந்து. இறங்குகிறதல்லவா. இறங்குகிற நேரத்தில் போய் வெட்டுவார்களா. இதை டாக்டரிடம் சொன்னபோது, அதுதான் எனக்கும் புரியவில்லை, ரத்தப் பரிசோதனையும் வயிற்றுப் படமும் மோசமாகிக்கொண்டு போகின்றன, உங்கள் தாள் மட்டும் நன்றாக இருக்கிறது என்றார். படம் எடுக்கிற மிஷினில் ஆயிரம் கோளாறு இருக்கும், கோடு பொய் சொல்லாது என்று அவன் மனதுக்குள் பதில் சொல்லிக்கொண்டான். ஒருவேளை நாளைக்கு மூன்றாகிவிட்டால்? நாளை மறுநாள் இரண்டாகிவிட்டால்? எடுத்துவிட்ட குடலைத் திருப்பி வைக்க முடியாது, வெட்டிவிட்ட துணி போல அது. இரண்டு நாள் பொறுத்திருந்தால் தானே ஆறியிருக்குமே என்று தொண்ணூறு வயது வரைக்கும் தினம் நினைக்க வேண்டி வந்தால் என்ன செய்வது. பொறுத்திருந்து அது வெடித்துவிட்டால் என்ன செய்வது என்பதை நினைக்கப் போனான், நினைப்பு அந்த இடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டு, திரும்பி வந்து மறுபடியும் கோடுகளை எண்ணத் தொடங்கியது.

உள்ளே தண்ணீர் திறக்கிற சத்தம் கேட்டது. ஆனால் அது முடிந்த சத்தம் அல்ல. வேறு சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவாள், வீட்டிலும் அப்படித்தான். தண்ணி வீணாகுது என்று ஒரு தடவை அவன் சத்தம் போட்டிருக்கிறான், அதை நினைத்தால் இப்போது தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. இந்த வியாதி எங்கிருந்து வந்தது என்று அவன் தேடாத நாள் இல்லை. பள்ளிக்கூட வாசலில் வாங்கித் தின்ற பானிபூரியா, திருவிழாவில் குடித்த ஐஸ் மோரா, ஐந்தாம் வகுப்பில் கணக்கு டீச்சரைக் கண்டு பயந்தாளே அதுவா. உடம்பைக் காக்க வேண்டிய படை தன் குடலையே அந்நியன் என்று நினைத்து அடிக்கிறது, யார் குற்றமும் இல்லை என்றார் டாக்டரம்மா. யார் குற்றமும் இல்லை என்றால் யாரிடம் போய் நிற்பது. அவனுக்குத் திடீரென்று ஒரு பயணம் ஞாபகம் வந்தது. திருநெல்வேலியில் ஒரு கல்யாணம், இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய்விட்டார்கள், கடைத்தெருவில் நடந்தபோது சுபிக்ஷா கையை நீட்டி, இந்த ஹோட்டல்ல சுத்தமா இருக்கும், அந்தத் துணிக்கடையில கேட்டா விடுவாங்க, பஸ் ஸ்டாண்டுல மட்டும் வேண்டாம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். அதற்கு முன் ஒரே ஒரு தடவை வந்த ஊர். பிள்ளைக்கு எவ்வளவு ஞாபகசக்தி என்று அன்றைக்கு அவன் மண்டபத்தில் நாலு பேரிடம் பெருமையடித்தான். இப்போது யோசித்தால், மற்றப் பிள்ளைகள் ஐஸ்கிரீம் கடையைப் பார்க்கிற ஊரில் அவள் எதைப் பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறாள் என்று தெரிகிறது. குடலின் நீளம் தெரியும், தைக்கிற மிஷின் தெரியும், பாக்கெட் தெரியும். இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற பிள்ளையைப் பற்றி என்ன தெரியும் என்று அவன் தன்னைக் கேட்டுக்கொண்டான். கை கடுத்தது, மறுபடியும் வலது கைக்கு மாற்றினான், குழாய் ஆடியது.

"அப்பா, இருக்கீங்களா?"

இருக்கேம்மா என்றான். குழாய்த் தண்ணீர் நின்றது. கதவு விரல் அளவுக்குத் திறந்தது, முகம் தெரியவில்லை, அவள் கை மட்டும் கதவு ஓரத்தில் தெரிந்தது. வலிக்குதா என்று கேட்டான். வலிக்கவில்லை என்றாள், வலிக்கும்போது அவள் சொல்கிற அதே குரலில். கோடு போட்டுட்டீங்களா என்று அவளே கேட்டாள். வெளிய வந்ததும் போடலாம், இதோட அஞ்சுதானே, நேத்தைக்குப் பாத்தா இது பெரிய முன்னேற்றம் என்று அவன் தெம்பாகச் சொன்னான்.

"அஞ்சு இல்லப்பா."

"பின்ன?"

"இது பதினொண்ணு. நேத்தும் எட்டு இல்ல."

நீ எப்போ போனே, நான் இங்கேதானே இருக்கேன் என்று கேட்டான். அவன் டீ குடிக்கப் போகும்போதும், குளிக்கப் போகும்போதும், மருந்து வாங்கக் கீழே போகும்போதும் போய்வந்துவிடுவாளாம். பக்கத்துக் கட்டிலில் தன் மகளுக்குத் துணையாக இருக்கிற விருதுநகர்க்கார ஜோதி அக்காதான் பாட்டிலைப் பிடித்துக்கொள்வாராம். அப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன் என்று அந்த அக்காவிடம் சொல்லியிருந்தாளாம். அவன் டீ குடிக்கப் போகிற நேரத்துக்காக அவள் அடக்கிக்கொண்டு காத்திருந்திருக்கிறாள் என்பது அவனுக்கு ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. ஏன் இப்படிப் பண்ணினே என்று கேட்டான், கேட்கும்போதே குரல் உடைந்தது.

"அம்மாகிட்ட போன்ல சொன்னீங்கல்ல, குறைஞ்சிருக்குன்னு. அப்படிச் சொல்லும்போது உங்க குரல் நல்லா இருந்துச்சு."

சுடலைமணி சுவரில் சாய்ந்துகொண்டான். அழுகை வந்தது, அழுதான். நடையில் ஸ்ட்ரெச்சர் தள்ளிப் போன ஆள் பார்த்துவிட்டுப் பார்க்காதது போலப் போனான். தலைக்குள் உட்கார்ந்திருந்த நம்பிக்கை என்ற அந்தப் பெரிய ஆளை இப்போது நன்றாகப் பார்க்க முடிந்தது. தெம்பு சொல்ல வந்தவர் என்று இவ்வளவு நேரம் நினைத்தது தப்பு, பிள்ளை தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தின்னக் கொடுத்து வளர்த்தவர் அவர். டாக்டரம்மாவின் ரத்தப் பரிசோதனையும் படமும் சரியாகத்தான் இருந்தன. இரண்டு நாள் பார்க்கலாம், மூன்று நாள் பார்க்கலாம் என்று அவன் எண்ணி வைத்திருந்த நாட்களை அவள் உள்ளே உட்கார்ந்து தனியாகக் கழித்துக்கொண்டிருந்திருக்கிறாள். திட்டவும் தோன்றவில்லை, தடவிக்கொடுக்கலாம் என்றால் நடுவில் கதவு. இனிமே என்கிட்ட சரியா சொல்லணும் என்றான். சரி என்றாள். அவள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது, ஒரு வலி வந்து போகிற மாதிரி. அது அடங்கியதும் மறுபடியும் கூப்பிட்டாள்.

"அப்பா, எடுத்ததுக்கப்புறம் அத எனக்குக் காட்டுவாங்களா?"

"எதம்மா?"

"குடலத்தான். ரெண்டு வருஷமா என்னைய எங்கயும் போகவிடல. எப்படி இருக்கும்னு ஒரு தடவ பாக்கணும்."

கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கியவன் அப்படியே நின்றான். குடலையே எடுக்கப்போகிறார்கள் என்று அவளிடம் யார் சொன்னது, எவ்வளவு தெரியும், எப்போதிருந்து தெரியும் என்று வரிசையாகக் கேள்விகள் வந்தன. பார்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும் அவனுக்கு நன்றாகத் தெரிந்த ஆசையாக இருந்தது. டாக்டரம்மாவை இருபது வருஷத்தில் யாரும் இதையும் கேட்டிருக்கமாட்டார்கள் என்று நினைத்தபோது, அழுத முகத்திலேயே அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"கேட்டுச் சொல்லுதேன்மா."

"இப்பவே போய்க் கேளுங்க. பதினொன்றரைக்கு அவங்க உள்ள போயிருவாங்கல்ல. எனக்கு இன்னும் நேரமாகும், பாட்டில ஜோதி அக்காட்ட குடுத்துட்டுப் போங்க."

அவன் ஜோதியைக் கூப்பிட்டான்.